விழா பதினாறு நாள், கடன் முப்பது ஆண்டு

உலகத்து மக்களையெல்லாம் தன் வாசலுக்கு அழைத்து விளையாட்டு விழா எடுக்க வேண்டும் என்னும் ஆசை நகரங்களுக்கும் நாடுகளுக்கும் இன்று நேற்று உண்டானதன்று. அந்த ஆசைக்குப் பெருமை ஒரு காரணம். பெருமையை மாத்திரம் காட்டி மக்களிடம் வரிப்பணம் கேட்க முடியாதாகையால், விழாவினால் ஊருக்குச் செல்வம் சேரும் என்ற பேச்சும் கூடவே எழும். வெளிநாட்டார் வருவர், விடுதிகள் நிரம்பும், கடைகள் செழிக்கும், வேலையற்றோர்க்கு வேலை கிடைக்கும், விழா முடிந்த பின்னரும் கட்டடங்கள் நின்று பயன் தரும் என்பர். இதிலே மெய் எவ்வளவு, வெறும் மேளச் சத்தம் எவ்வளவு என்று பார்ப்பதே இன்றைய பேச்சின் நோக்கம்.

பொதுப்படப் பேசினால் இவ்விடயம் விளங்காது. ஆகவே ஒரு நகரத்தின் கணக்குப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொள்வோம். கனடா நாட்டின் கியூபெக் மாகாணத்திலுள்ள மொன்றியல் அந்த நகரம். 1976ஆம் ஆண்டு யூலை 17ஆந் திகதி தொடங்கி ஓகஸ்ற் முதலாந் திகதி வரை, பதினாறு நாட்கள், ஒலிம்பிக் விழா அங்கே நடைபெற்றது. அதற்காகப் பட்ட கடன் 2006ஆம் ஆண்டின் பிற்பகுதியிலேதான் தீர்ந்தது. விழா நடந்தபோது பிறந்த குழந்தை, கடன் தீர்ந்தபோது முப்பது வயது நிரம்பிய ஆளாக நின்றது.

1970ஆம் ஆண்டு மே மாதத்தில் சர்வதேச ஒலிம்பிக் குழு அம்ஸ்டர்டாம் நகரிற் கூடிற்று. 1976ஆம் ஆண்டின் கோடைகால விழாவுக்கு மொஸ்கோ, லொஸ் ஏஞ்சலிஸ், மொன்றியல் ஆகிய மூன்று நகரங்கள் போட்டியிட்டன. இரு வல்லரசுகளின் நகரங்களும் தோற்க, மொன்றியல் வென்றது. அதே கூட்டத்திலே அவ்வாண்டின் பனிக்கால விழா அமெரிக்காவின் டென்வர் நகருக்கு வழங்கப்பட்டது. இந்த டென்வரை நேயர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும். சற்றுப் பின்னர் அங்கே போவோம்.

மொன்றியலின் நகரபிதாவாக அப்போது இருந்தவர் ழான் டிரப்போ. சொல்வன்மை மிக்கவர். வெறும் சொல்வல்லவராக மாத்திரமன்றிக் காரியம் முடிக்கும் ஆற்றலும் உடையவராக இருந்தார் என்பதை மறைத்தல் நியாயமாகாது. 1966இல் நகரத்திற்கு நிலக்கீழ் இரயில் பாதை வந்தது அவர் காலத்திலே. 1967இல் நடைபெற்ற உலகப் பொருட்காட்சிக்கு ஏறத்தாழ ஐந்து கோடி வருகைகள் பதிவாயின. அத்தகைய ஒருவர் வாக்குக் கொடுத்தால் ஊரார் எப்படி நம்பாதிருப்பர்? 1973ஆம் ஆண்டில் விழாவுக்கான செலவுத் திட்டத்தை அவர் வெளியிட்டார். மொத்தச் செலவு 310 மில்லியன் டொலர் என்றார். ஆண்பிள்ளை ஒருவன் எப்படிக் குழந்தை பெறமாட்டானோ, அப்படியே ஒலிம்பிக் விழாவும் நட்டம் பெறாது என்னும் பொருள்பட நகைச்சுவையாகவும் கூறினார். பின்னாளில் மொன்றியல் பத்திரிகையொன்றில் வெளியான கேலிச்சித்திரத்திலே நகரபிதா நிறைவயிற்றுடன் நின்று மருத்துவர் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்துக்கொண்டிருந்தார்.

வரிப்பணத்தைத் தொடாமலே விழாவை நடத்திவிடலாம் என்று அவர் சொன்னதற்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. ஒலிம்பிக் நாணயங்கள் வார்த்து விற்பனை செய்யப்படும், முத்திரைகள் வெளியிடப்படும், லொத்தர்ச் சீட்டு நடத்தப்படும், இவற்றின் வருவாயே போதும் என்பது திட்டம். கனடாவின் மத்திய அரசு மாத்திரம் சற்று எச்சரிக்கையாக இருந்தது. நாணயத்துக்கும் முத்திரைக்கும் லொத்தருக்கும் சட்டம் செய்து தருகிறோம், நட்டம் வந்தால் அதற்கு நாம் பொறுப்பல்ல என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டது. ஆகவே நட்டத்துக்குப் பிணை நிற்கும் பாரம் மாகாணத்தின் தலையில் விழுந்தது. பிணை நின்றவன் கதி என்னவாகும் என்பதை நம்மூரில் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை.

லொத்தர் எதிர்பார்த்ததற்கு மேலாகவே பணம் திரட்டிக் கொடுத்தது. அப்படியிருந்தும் கணக்கு எங்கே முறிந்தது? விளையாட்டரங்கிலே முறிந்தது.

பாரிஸ் நகரத்துக் கட்டடக் கலைஞராகிய ரொஜே தையிபேர் என்பவரிடம் போட்டியெதுவும் நடத்தாமலே அரங்கின் வேலை ஒப்படைக்கப்பட்டது. அவர் வரைந்த வடிவம் கண்ணுக்கு விருந்து என்பதில் ஐயமில்லை. கிண்ணம் போல் வளைந்த பேரரங்கு. அதன் ஓரத்தே 165 மீற்றர் உயரத்துக்குச் சாய்ந்தெழும் கோபுரம். கோபுரத்திலிருந்து வடங்களைக் கொண்டு குடையைப் போல் விரிக்கவும் சுருக்கவும் கூடிய கூரை. தொழிற்சாலையிலே தனித்தனியாக வார்த்தெடுத்த மாபெரும் கொங்கிறீற்றுத் துண்டங்களை ஒன்றோடொன்று கோத்து விலாவெலும்புகளைப் போல் நிறுத்த வேண்டியிருந்தது. ஒரு துண்டம் சிறிது பிசகினால் அடுத்தது பொருந்தாது. இத்தகைய வேலை பனி உறையும் நாட்டிலே, மிகக் குறுகிய காலத்துள், பழக்கமில்லாத முறையிலே நடைபெற்றது. 1973ஆம் ஆண்டு வசந்த காலத்தில் நிலம் வெட்டத் தொடங்கினர். அவ்வாண்டின் முடிவில் எண்ணெய் விலையேற்றம் வந்தது. உருக்கும் சீமெந்தும் கூலியும் ஏறின. பின்னர் வேலைநிறுத்தங்கள் வந்தன. 1975ஆம் ஆண்டிலே மாதக்கணக்கில் வேலை நின்றது. தொழிலாளர் பலர் விபத்துக்களில் உயிரிழந்தனர்.

இங்கேதான் இப்பேச்சின் முக்கியமான இடத்துக்கு வந்திருக்கிறோம். வேலை நின்றால் என்ன, ஆண்டு ஒன்று பின்போடலாமே என்று சாதாரணக் கட்டடத்துக்குச் சொல்லலாம். ஒலிம்பிக் அரங்குக்குச் சொல்ல முடியாது. யூலை 17ஆந் திகதி பிரித்தானிய மகாராணியார் வந்து விழாவைத் திறந்து வைக்கப் போகிறார். உலகமெல்லாம் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருக்கப் போகிறது. திகதி அசையாது. திகதி அசையாதபோது அசையக்கூடியது விலை ஒன்றே. கலியாணத்துக்கு முகூர்த்தம் குறித்து, அழைப்பும் கொடுத்து முடித்த வீட்டுக்காரன் கடைசி வாரத்திலே சந்தைக்குப் போனால், விற்பவன் சொன்னதே விலையாகும். ஒப்பந்தகாரருக்கும் தெரியும், தொழிற்சங்கத்தாருக்கும் தெரியும், பாரந்தூக்கிப் பொறிகளை வாடகைக்குக் கொடுப்பவருக்கும் தெரியும். அந்தப் பொறிகள் ஒன்றோடொன்று மோதுமளவுக்கு நெருக்கமாக நின்றன. வேலை செய்யாமல் நின்ற நாளுக்கும் வாடகை ஏறியது. கலியாணம் செய்துபார், வீட்டைக் கட்டிப்பார் என்று இரண்டு சோதனைகளை நம்மவர் தனித்தனியே சொல்லி வைத்தார்கள். ஒலிம்பிக் விழாவை ஏற்றுக்கொள்ளும் நகரம் இரண்டையும் ஒரே முகூர்த்தத்தில் செய்யப் புறப்படுகிறது.

1975ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் மாகாண அரசு நகரசபையிடமிருந்து வேலையைப் பறித்துத் தன் கையில் எடுத்துக்கொண்டது. விழா குறித்த நாளில் தொடங்கிற்று. ஆயின் சாய்ந்த கோபுரம் பாதியிலே மொட்டையாக நின்றது, கூரையும் இல்லை. கோபுரமும் கூரையும் வந்து சேர்ந்தது 1987இலேதான். விழா முடிந்து பதினொரு ஆண்டுகளின் பின்.

செலவு எவ்வளவாயிற்று? 310 மில்லியன் டொலர் என்று தொடங்கியது ஏறத்தாழ 1,500 மில்லியன் டொலராயிற்று. ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர் 2016ஆம் ஆண்டில் வெளியிட்ட கணக்கொன்று உண்டு. விலைவாசி ஏற்றத்தை நீக்கி, விளையாட்டோடு நேரடியாகத் தொடர்புடைய செலவை மாத்திரம் எடுத்து, விழாவைக் கேட்டபோது சொன்ன மதிப்பீட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தவர்கள், மொன்றியல் தன் மதிப்பீட்டை நூற்றுக்கு 720 வீதம் மீறிற்று என்று கண்டனர். 1960ஆம் ஆண்டு முதலாகக் கணக்குக் கிடைத்த ஒலிம்பிக் விழாக்களுள் மதிப்பீட்டுக்குள் அடங்கியது ஒன்றேனும் இல்லை என்பதும், சராசரி மீறல் நூற்றுக்கு 156 வீதம் என்பதும் அவர்கள் கண்ட மற்ற முடிபுகள். ஒருவர் இருவர் தவறினால் அதைத் தனிமனிதர் குறை எனலாம். எல்லோரும் ஒரே பக்கமாகவே தவறுவாராயின், அம்மதிப்பீடுகள் மதிப்பீடுகளே அல்ல. அனுமதி வாங்குவதற்குச் சொல்லும் ஆரம்ப விலை அவை என்றே கொள்ள வேண்டும்.

கடனை அடைக்கக் கியூபெக் மாகாணத்தில் 1976ஆம் ஆண்டு மே மாதத்திலே புகையிலைப் பொருட்கள் மீது விசேட வரியொன்று விதிக்கப்பட்டது. சிகரெட் வாங்கிய ஒவ்வொருவரும் பெட்டிதோறும் ஒலிம்பிக் அரங்குக்குச் சிறிது கொடுத்தார். இவ்வரியின் நீதியை எண்ணிப் பாருங்கள். புகைபிடிப்போரிற் பெரும்பாலோர் செல்வரல்லர். தொழிற்சாலைகளிலும் துறைமுகத்திலும் உழைத்தவர்களே மிகுதி. விழாவின் அனுமதிச் சீட்டை வாங்க முடியாதிருந்தவர்கள் விழாவின் கடனைச் சுமந்தார்கள். இதிலே நமக்கும் ஓர் உறவு உண்டு. 1983க்குப் பின்னர் நம் நாட்டை விட்டுப் புறப்பட்ட தமிழரில் ஆயிரக்கணக்கானோர் மொன்றியலிற் குடியேறினர். பனிக்காலத்து இரவிலே உணவுச்சாலைகளில் வேலை முடித்து வெளியே வந்து ஒரு சிகரெட்டைப் பற்றவைத்தவர், தாம் காணாத விழாவுக்கு, தாம் அந்நாட்டுக்கு வருமுன்னே பட்ட கடனுக்கு வட்டி கட்டினார். அதனை அவர் அறிந்திருக்கவும் மாட்டார்.

அரங்கு வட்ட வடிவமானதால் அதனை ஆங்கில எழுத்தாகிய ‘ஓ’வைக் கொண்டு ‘பெரிய ஓ’ என்று அழைத்தனர். கடன்படுதலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் அதே ஓசை உடையது. ஆகவே எழுத்தை மாத்திரம் மாற்றி, உச்சரிப்பை மாற்றாமல், ஊரார் அதனைப் ‘பெருங்கடன்’ ஆக்கிவிட்டனர். மாகாணம் நியமித்த விசாரணைக்குழு, நீதிபதி மலூப் அவர்களின் தலைமையில் ஆராய்ந்து, 1980ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையில் நகரபிதாவையே முதன்மையாகக் குறை கூறிற்று. எனினும் 1978இலும் 1982இலும் மக்கள் அவரையே மீண்டும் தெரிந்தனர் என்பது அரசியலின் விசித்திரங்களுள் ஒன்று.

அப்படியானால் மொன்றியலுக்கு எதுவுமே கிடைக்கவில்லையா? கிடைத்தது. விழாவையொட்டி நிலக்கீழ் இரயில் பாதை நகரத்தின் கீழைப்பகுதிக்கு நீட்டப்பட்டது. அது இன்றும் பயன்படுகிறது. வீரர் தங்கிய கட்டடங்கள் பின்னர் குடியிருப்பாயின. துவிச்சக்கரவண்டிப் போட்டிக்குக் கட்டிய மண்டபம் 1992இல் விலங்குகளும் தாவரங்களும் வாழும் காட்சிச்சாலையாக மாறிற்று. ஆயின் இரயில் பாதை வேண்டுமென்றால் இரயில் பாதையைக் கட்டலாம். அதற்கு ஓட்டப்பந்தயம் எதற்கு? காட்சிச்சாலை வேண்டுமென்றால் அதனையே நேராகக் கட்டியிருந்தால் செலவு குறைந்திருக்கும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மொன்றியல் விழா என்றதும் உலகம் நினைப்பது பதினான்கு வயதுச் சிறுமி நாடியா கொமனெச்சியை. தேகாப்பியாசப் போட்டியிலே அவருக்குப் பத்துக்குப் பத்துப் புள்ளி வழங்கப்பட்டபோது, அந்த எண்ணைக் காட்டத் தெரியாத புள்ளிப்பலகை 1.00 என்று காட்டிற்று. அந்த நிகழ்ச்சி நடந்தது புதிய அரங்கிலன்று. 1924ஆம் ஆண்டிலே பனிக்கட்டி ஹொக்கி விளையாட்டுக்காகக் கட்டிய பழைய மண்டபத்திலே நடந்தது.

இனி, வருவாய்க் கணக்குக்கு வருவோம். விழாவை வேண்டி நிற்போர் நிபுணர்களைக் கொண்டு அறிக்கைகள் எழுதுவிப்பர். இவ்வளவு கோடி வருமானம், இத்தனை ஆயிரம் பேருக்கு வேலை என்று அவற்றிலே எண்கள் இருக்கும். அவ்வெண்களை உரித்துப் பார்த்தால், கட்டடச் செலவையே வருமானமாக எழுதியிருப்பதைப் பல இடங்களிற் காணலாம். வீடு கட்டுகிறவன் மேசனுக்கும் தச்சனுக்கும் கொடுத்த கூலியைத் தன் வருமானப் பக்கத்தில் எழுதி வைப்பானா? ஊரிலே மேசன்மார் வேலையின்றி இருந்த காலமானால் அக்கூலியால் ஊருக்கு நன்மை உண்டு, அதனை மறுக்கவில்லை. அவர்கள் வேறிடத்தில் வேலை செய்துகொண்டிருந்தவர்களானால், அரங்குக்கு வந்த மேசன் வைத்தியசாலைச் சுவரைப் பாதியில் விட்டு வந்தவனாவான். அந்தப் பாதிச் சுவர் அறிக்கையில் வராது.

அனுமதிச் சீட்டுப் பணமும் அப்படியே. உள்ளூர்க் குடும்பமொன்று விழாவுக்குச் செலவிடும் பணம் வானத்திலிருந்து வந்ததன்று. அம்மாதம் படம் பார்க்கவும் துணி வாங்கவும் வைத்திருந்த பணம் அது. ஒரு கடையின் இலாபம் மற்றக் கடையின் நட்டமாகிறது. வெளியூரார் கொண்டுவரும் பணமே ஊருக்குப் புதுப்பணம். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. திருவிழாக் கூட்டத்துக்கு அஞ்சிக் கோயிலுக்கு வேறு நாளிற் போவோம் என்று இருப்பவர்கள் நம்மிடையே இல்லையா? 2012ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதத்தில், இலண்டன் ஒலிம்பிக் விழா நடந்த வேளையில், ஐக்கிய இராச்சியத்துக்கு வந்த வெளிநாட்டாரின் தொகை முந்திய ஆண்டின் அதே மாதத்திலும் பார்க்க நூற்றுக்கு ஐந்து வீதம் குறைந்திருந்தது. வந்தவர்கள் செலவிட்ட பணம் கூடியிருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆயினும் விழா பார்க்க வந்தவர்கள் வழமையாக வருவோரின் இடத்தையே பெரும்பாலும் பிடித்தனர் என்பது தெளிவு.

பதினைந்து நாட் கூட்டத்துக்கென்று கட்டிய விடுதி பதினாறாம் நாள் என்ன செய்வது? ஆண்டுதோறும் வரும் திருவிழாவானால் வியாபாரி அதற்கேற்பச் சரக்கு வாங்கப் பழகிக்கொள்வான். ஊரும் தண்ணீர்ப் பந்தலுக்கும் தங்குமிடத்துக்கும் வேண்டிய அளவை அறிந்துகொள்ளும். ஒரு நகரத்துக்குத் தலைமுறைக்கு ஒரு தடவை வரும் விழாவில் அந்த அனுபவத்துக்கு இடமில்லை.

இப்போது டென்வருக்குப் போவோம். மொன்றியலுக்குக் கோடைவிழா கிடைத்த அதே நாட்களில் பனிவிழாவைப் பெற்ற நகரம் அது. அந்நகரம் உள்ள கொலராடோ மாநிலத்தில், செலவு ஏறிக்கொண்டே போவதையும் மலைச்சாரல்கள் அழிக்கப்படப் போவதையும் கண்ட சிலர் எதிர்ப்பைத் தொடங்கினர். 1972ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் மக்களிடம் வாக்கெடுப்பு நடந்தது. விழாவுக்குப் பொதுப்பணம் கொடுக்கலாமா என்பதே கேள்வி. நூற்றுக்கு ஏறத்தாழ அறுபது பேர் கூடாது என்றனர். டென்வர் விழாவைத் திருப்பிக் கொடுத்தது. ஒஸ்திரியாவின் இன்ஸ்புறுக் நகரம் 1964ஆம் ஆண்டில் விழா நடத்தியபோது கட்டிய வசதிகள் இருந்தமையால், 1976ஆம் ஆண்டின் பனிவிழாவை ஏற்று நடத்திற்று. டென்வருக்கு மானம் போயிற்று என்று அன்று சிலர் வருந்தினர். மானம் போனதாயின் அது விரைவிலே திரும்பியிருக்க வேண்டும். எதிர்ப்புக்குத் தலைமை தாங்கியவர்களுள் ஒருவரை, இரண்டு ஆண்டுகள் கழித்து, அம்மாநிலத்தார் தம் ஆளுநராகத் தெரிந்தனர்.

மொன்றியலின் அனுபவத்தைக் கண்ட உலகம் சிறிது காலம் அஞ்சி நின்றது. 1984ஆம் ஆண்டின் விழாவை ஏற்கக் கடைசியில் நின்ற நகரம் லொஸ் ஏஞ்சலிஸ் ஒன்றே. அந்நகரத்து மக்களும் 1978இல் வாக்களித்து, நகரசபைப் பணத்தை விழாவுக்குச் செலவிடலாகாது என்று கட்டினர். வேறு வழியின்றி ஒலிம்பிக் குழு தன் விதியைத் தளர்த்த வேண்டியதாயிற்று. நட்டத்துக்கு நகரம் பொறுப்பேற்கவில்லை. பீற்றர் யூபரொத் என்னும் வணிகரின் தலைமையில் அமைந்த தனியார் குழு விழாவை நடத்திற்று. 1932ஆம் ஆண்டு விழாவுக்குப் பயன்பட்ட பழைய அரங்கையே துப்புரவாக்கினர். வீரரைப் பல்கலைக்கழக மாணவர் விடுதிகளில் தங்கவைத்தனர். தொலைக்காட்சி உரிமைக்கு மாத்திரம் அமெரிக்க நிறுவனமொன்று 225 மில்லியன் டொலர் கொடுத்தது. முடிவில் 200 மில்லியன் டொலருக்கு மேல் மிஞ்சிற்று. அதிலொரு பங்கு அப்பகுதிச் சிறுவரின் விளையாட்டுக்கென நிதியமாயிற்று.

இந்த வெற்றியைக் கண்டவர்கள் இதிலிருந்து தவறான பாடத்தைப் படித்தார்கள் என்பது என் எண்ணம். ஒலிம்பிக் விழா இலாபம் தரும் என்று எடுத்துக்கொண்டார்கள். இலாபம் தந்தது விழாவன்று. கட்ட மறுத்ததும், கேட்க வேறொருவர் இல்லாமையால் பேரம் பேச முடிந்ததுமே இலாபம் தந்தன. 1992ஆம் ஆண்டின் விழாவுக்கு ஆறு நகரங்கள் போட்டியிட்டன. ஏலத்தில் கூறுவோர் கூடினால் விலை ஏறும். எல்லோரினும் மிகையாக மதிப்பிட்டவனே பொருளை எடுப்பான். அப்போட்டியில் வென்ற பார்சிலோனாவைப் பலர் மெச்சுவர். அந்நகரம் முன்னரே வகுத்து வைத்திருந்த நகரத் திட்டத்தை, கடற்கரையைத் திறந்துவிடுவதை, விழாவைச் சாக்காக வைத்து நிறைவேற்றிக்கொண்டது. ஊருக்கு வேண்டிய வேலை முதலிலும் விழா பின்னரும் வந்தமையால் அது பலித்தது.

நமது நாடும் இந்த ஆசைக்கு விலக்கன்று. 2011ஆம் ஆண்டு உலகக் கிண்ணக் கிறிக்கெற் போட்டியை இந்தியாவோடும் பங்களாதேசத்தோடும் சேர்ந்து நடத்தினோம். அதற்காக அம்பாந்தோட்டை மாவட்டத்தின் சூரியவெவவிலும், கண்டிக்கு அருகே பல்லேகலையிலும் புதிய அரங்குகள் எழுந்தன. கொழும்பு பிரேமதாச அரங்கு திருத்திக் கட்டப்பட்டது. ஏறத்தாழ 35,000 பேர் அமரக்கூடிய சூரியவெவ அரங்கிலே அந்த உலகக் கிண்ணத்துக்காக நடந்த ஆட்டங்கள் இரண்டே. மூன்று அரங்குகளின் செலவு கிறிக்கெற் சபையைக் கடனில் ஆழ்த்தியது. இறுதியாட்டம் வரை சென்று வந்த வீரருக்கு அவ்வாண்டிலே பல மாதச் சம்பளம் நிலுவையாக நின்றது. பந்தைப் பிடித்தவர்களுக்கே கூலி கொடுக்க முடியாத நிலையில் அரங்கு பளபளத்தது.

அந்த ஆண்டு முடியுமுன்னரே இன்னொரு விழாவையும் கேட்டோம். 2018ஆம் ஆண்டின் பொதுநலவாய விளையாட்டு விழாவை அம்பாந்தோட்டைக்குத் தருமாறு கோரினோம். 2011 நவம்பரில் சென் கிற்ஸ் தீவில் வாக்கெடுப்பு நடந்தது. அவுஸ்திரேலியாவின் கோல்ட் கோஸ்ற் நகரத்துக்கு 43 வாக்கு, அம்பாந்தோட்டைக்கு 27. தோற்றோம் என்று அன்று வருந்தியவர் பலர். ஒரு தசாப்தம் கழித்து, 2022இல், வெளிநாட்டுக் கடனைச் செலுத்த முடியாது என்று நாடு அறிவித்தபோது, எரிபொருள் வரிசையிலே நின்றவர்களுக்கு அந்த 27 வாக்கு எப்படித் தோன்றியிருக்கும்?

செல்வ நாடுகளும் இப்போது கணக்குப் பார்க்கின்றன. 2026ஆம் ஆண்டின் பொதுநலவாய விழாவை ஏற்றிருந்த அவுஸ்திரேலிய மாநிலமாகிய விக்டோரியா, 2.6 பில்லியன் டொலர் என்று எண்ணிய செலவு 6 பில்லியனுக்கு மேலாகும் என்று கண்டு, 2023ஆம் ஆண்டு யூலை மாதத்தில் விலகிக்கொண்டது. விலகியதற்கு நட்டஈடாக 380 மில்லியன் டொலர் கொடுத்தது. விழாவை நடத்தாமலிருப்பதற்கு அவ்வளவு கொடுத்தும் இலாபம் என்று அம்மாநிலம் கணித்தது. அடுத்த ஆண்டிலே ஸ்கொத்லாந்தின் கிளாஸ்கோ நகரம் பத்து விளையாட்டுகளை மாத்திரம் வைத்து, இருக்கும் அரங்குகளிலேயே நடத்துகிறோம் என்று முன்வந்தது.

விழாவே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. ஊரார் மகிழ்ச்சிக்காக விழா எடுப்பதும், அதற்குப் பணம் செலவாகும் என்று அறிந்தே எடுப்பதும் நேர்மையான காரியம். வீட்டுக் கலியாணத்தை எவரும் இலாபத்துக்காகச் செய்வதில்லை. செலவை இலாபம் என்று பெயரிட்டு விற்கும்போதுதான் தீங்கு வருகிறது. அடுத்த தடவை ஏதேனும் ஒரு பெருவிழா நம் வாசலுக்கு வரும் என்று சொல்லப்படும்போது, நட்டத்துக்குப் பிணை நிற்பவர் யார் என்பதையும், விழா முடிந்து பத்தாம் ஆண்டில் அரங்கின் மின்கட்டணத்தைச் செலுத்துபவர் யார் என்பதையும், ஒப்பமிடுமுன் எழுத்திலே கேட்டு வாங்க வேண்டும். பதில் சொல்பவர் அப்போது பதவியில் இருக்கமாட்டார் என்பதையும் கருத்திற் கொள்ள வேண்டும்.

மொன்றியல் அரங்கின் மிகுதிக் கதை இது. 1987இல் ஏறிய துணிக்கூரை காற்றிலே கிழிந்து கிழிந்து தைக்கப்பட்டது. அதனை நீக்கி 1998இல் வேறொரு கூரை போட்டனர். 1999 சனவரியில் பனிப்பாரம் தாங்காமல் அதிலொரு பகுதி இடிந்து, மோட்டார் வாகனக் கண்காட்சிக்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்தோர் மீது விழுந்தது. அவ்வரங்கில் ஆடிவந்த பேஸ்போல் அணி 2004ஆம் ஆண்டோடு நகரத்தை விட்டு வோஷிங்ரனுக்குப் போய்விட்டது. 2024ஆம் ஆண்டு பெப்ரவரியில் கியூபெக் அரசு மூன்றாவது கூரைக்கு 870 மில்லியன் டொலர் ஒதுக்கிற்று. இவ்வளவு செலவிடுவதிலும் இடித்துவிடலாமே என்று கேட்டவர்களுக்கு, இடிக்க 2 பில்லியன் டொலர் ஆகும் என்று பொறுப்பான அமைச்சர் பதில் கூறினார்.